முடிச்சைப் பார்க்காமல் சொன்ன பெயர்

நேற்று மதியம் வழக்கம்போலக் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா அறுந்துபோன மணிமாலை ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்தார். பாரோய் ஊரிலிருந்து வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண் அதை வாங்கி விரித்தாள். விரித்த கையோடு, "ஆன்ட்டி, இது நம்ம கடை மணிதான் லா. போன தீபாவளிக்கு நீங்கதானே வாங்கிட்டுப் போனீங்க?" என்றாள். "நான் வாங்கலம்மா, இது என் நாத்தனாருது" என்றார் அந்த அம்மா. பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைப் பிள்ளைகள் நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

"ஒரு சின்ன விஷயத்துக்கு ஏன் பாய் முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டீங்க?" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கடை திறப்பதற்கு முன்னாலேயே வரச் சொன்னேன். டீ சொல்லியிருக்கிறேன், வரும். குடித்துக்கொண்டே கேளுங்கள். நடுவில் கேள்வி கேட்காதீர்கள், எனக்கு வரிசை தப்பிப்போகும்.

இதே வார்த்தையை நானும் ஒருநாள் சொன்னேன். இது இன்னார் வாங்கிய மணி என்று. அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. அதனால் ஒரு பெண்ணைத் தாலி அறுக்கப் பலகையில் உட்காரவைத்துவிட்டார்கள். மாலை பழுது பார்க்கிற விஷயம் இல்லை அது, ஒருத்தியின் கழுத்து.

ஜப்பான்காரன் காலம். சண்டைக்கு முன்னால் நம் கடைக்கு மணி கப்பலில் பினாங்கு வந்து, அங்கிருந்து ரயிலில் சிரம்பானுக்கு வரும். கறுப்பு, சிவப்பு, பச்சை, பால்வெள்ளை, கண்ணாடிக் குழல் மணி என்று பெட்டி பெட்டியாக இறங்கும். முதலாளி கடையில் உட்காருவார். நான் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவேன். பிள்ளைக்கு இடுப்பு மணி, அம்மனுக்குச் சரம், கல்யாணப் பெண்ணுக்குக் கைமாலை என்று தோட்டத்துப் பெண்கள் மணி கோக்காத மாதமே கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்களும் தாலியாகக் கருகமணி கட்டுகிறவர்கள்தான். ஆகையால் கழுத்தில் கிடக்கிற மணி என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் நின்றது. ஆறு மாதத்தில் கடை துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் மரவள்ளிக் கிழங்குக்கும் சோப்புக்கும் மாறிவிட்டார்கள். நானும் முதலாளியிடம், "இனிமே தோட்டத்துக்குப் போய் என்ன செய்றது முதலாளி? பெட்டியில ஒண்ணுமில்லையே" என்றேன்.

அவர் பீடியை அணைத்துவிட்டு, "இத்தனை வருஷம் வித்த மணியெல்லாம் எங்கடா போச்சு? அவங்க வீட்லதான இருக்கு. ஒருத்திகிட்ட சிவப்பு சும்மா கிடக்கும், இன்னொருத்திக்குச் சிவப்பு வேணும். நடுவுல உக்கார ஒரு ஆள் வேணும்ல? வெறும் பெட்டிய எடுத்துட்டுப் போ, போய் உக்காரு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பெரட்டுக்களத்து ஓரம் ஒரு ரம்புத்தான் மரம். வாரத்துக்கு ஒருநாள் அதன் கீழே சாக்கை விரிப்பேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது, மதியத்துக்குமேல் காலியாகக் கிடக்கும். பெண்கள் ரப்பர்ப் பால் மரம் வெட்டிவிட்டு வந்து, பழைய மாலை, பிள்ளைக்குச் சின்னதாகிப்போன இடுப்பு மணி, நாலு மணி விட்டுப்போன விசிறி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். பிரிப்பார்கள், மாற்றிக்கொள்வார்கள், அங்கேயே உட்கார்ந்து கோப்பார்கள். சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். ரெம்பாவ் பக்கம் கம்பம் என்கிற மலாய்க் கிராமங்களில் கல்யாணம் நிற்கவில்லை. மலாய் வீடுகளில் மணப்பெண்ணின் தலையணைக்கும் செருப்புக்கும் மணி வேலை கேட்டார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அரிசியும் தேங்காயும் கருவாடுமாக வாங்கி வருவேன். அந்த மரத்தடியில் கோத்த மணி அந்த லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் சிலரின் வயிற்றை நிரப்பியது. கடைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், எங்களை அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

மரத்தடிக்கு ஒரு தலைவி இருந்தாள். யாரும் வைக்கவில்லை, தானாக ஆனவள். பெயர் அஞ்சலை. முப்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம், என்னைவிட நீளம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் மிச்சம் இருந்த மெல்லிய ஊசிகளை முதலாளி விற்காமல் தோட்டத்துக்கு ஒன்றாக இரவல் கொடுத்திருந்தார். அந்தத் தோட்டத்து ஊசி அஞ்சலையிடம்தான் இருந்தது. நூலும் அவளுடையதுதான். கடை நூல் எங்கே கிடைத்தது அப்போது? அன்னாசி இலையை உடைந்த பீங்கானால் சுரண்டி, நார் எடுத்துக் காயவைத்து, தொடையில் வைத்துத் திரித்து, மெழுகு தேய்த்துக் கொடுப்பாள். மற்றவர்கள் திரித்த நூல் பத்து நாளில் நைந்துபோகும். அவள் நூல் இழுத்தாலும் போகாது.

அவளோடு எனக்கு ஓயாத ஒரு வழக்கு உண்டு. மாலை கோத்து முடித்தால் மற்றவர்கள் சாதாரணமாக ஒரு முடிச்சுப் போட்டு நறுக்கிவிடுவார்கள். அவள் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, மிச்ச நூலைத் திரும்ப மூன்று மணிக்குள் விட்டு மறைத்துவிடுவாள்.

"ஏன்கா இவ்வளவு நூலை வீணாக்குற? நூலுக்கு நாட்டுல பஞ்சம்" என்பேன்.

"மணி உன்னது, முடிச்சு என்னது. அறுந்து கொட்டுனா உன்னையா கேப்பாங்க? அஞ்சலை கட்டுன லச்சணத்தப் பாருன்னு என்னையதான சொல்லுவாங்க. நீ உன் மணிய மட்டும் பாரு பாய்" என்பாள்.

நானும் மணியை மட்டும்தான் பார்த்தேன். அதுதான் வினை.

பிறகு சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். ரயில் தடம் போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கணக்கெழுதுகிற கிராணி பெரட்டில் பட்டியல் வாசித்தார். ஒவ்வொரு லயத்திலும் இரண்டு மூன்று ஆண்கள். லாரி வர இரண்டு நாள் இருந்தது. செய்தி கேட்டு, என் முறை நாள் இல்லாவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பெண்கள் எல்லாரும் ஒரே முடிவாக இருந்தார்கள். புறப்படுகிற ஆண்களுக்கு மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டுவது, வெறும் மஞ்சள் கயிறு போதாது, மணி கோத்துக் கட்டுவது. திரும்பி வந்தபிறகு அதே கோயிலில் அவிழ்ப்பது. அதுவரை கையை விட்டு இறங்கக்கூடாது.

செல்லம்மா என்று ஒரு பெண். கல்யாணமாகி நாலு மாதம். அவள் புருஷன் கோவிந்தனும் பட்டியலில் இருந்தான். அவள் என் எதிரில் உட்கார்ந்து, "பாய், வேற யாருகிட்டயும் இல்லாத மணியா குடுங்க. ஆயிரம் பேருக்கு நடுவுல நின்னாலும் என் ஆளு கை எனக்குத் தெரியணும்" என்றாள்.

பெட்டியின் அடியில் நீல மணி பத்து இருந்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் மெல்லிய வெள்ளைக்கோடு. அந்த ரகம் கடையிலேயே அதோடு தீர்ந்தது. எண்ணி அவள் கையில் போட்டேன். "இந்த மணி இந்த ஜில்லாவுல வேற யாருகிட்டயும் கிடையாது, நான் கேரண்டி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அன்றைக்கு இன்னும் இரண்டு தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவர்கள் காப்புக் கோத்ததை நான் பார்க்கவில்லை.

மூன்று மாதம் என்றார்கள். ஒன்றரை வருஷம் ஆகியும் ஒருவரும் வரவில்லை. ஒருநாள் காலையில் கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். ஆள் என்பதைவிட எலும்புக்கூடு என்று சொல்லலாம். சாக்குத் துணிதான் உடை. காலில் புண். சயாமிலிருந்து தப்பி வருவதாகவும் தெற்கே தன் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றும் சொன்னான். முதலாளி அவனை உள்ளே உட்காரவைத்துக் கிழங்கு கொடுத்தார். தின்று முடித்துவிட்டு, இடுப்புத் துணி முடிச்சிலிருந்து ஒரு மணிக்கயிற்றை எடுத்து மேஜையில் வைத்தான்.

"என் பக்கத்துல படுத்திருந்த ஆளு கையில இருந்தது. ரெண்டு பேருக்கும் காய்ச்சல். அவன் பேரு சொன்னான் பாய், எனக்கு நிக்கல. என் பேரே எனக்கு ஞாபகம் இல்லாத நேரம் அது. ரெம்பாவ் பக்கத்துத் தோட்டம், சிரம்பான் மணிக்கடையில காட்டு, மணிக்கார பாய் பாத்தா யாருதுன்னு சொல்லிடுவாருன்னான். மறுநாள் காலையில பாத்தா இல்ல."

அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியவில்லை. சாகிற நேரத்தில் ஒரு மனிதன் நம்மை நம்பி ஒரு கயிற்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். நீங்கள் வேலை செய்கிற கடை அப்படிப்பட்ட கடை, தெரிந்துகொள்ளுங்கள்.

கயிற்றை எடுத்துப் பார்த்தேன். கறுப்பு மணிகள், அழுக்கேறி மங்கிப்போயிருந்தன. நடுவில் இரண்டு நீலம். எச்சில் தொட்டுத் துடைத்தேன். வெள்ளைக்கோடு தெரிந்தது. யா அல்லா!

"முதலாளி, இது செல்லம்மா புருஷனுது. கோவிந்தன்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"பத்து மணியும் நான்தான் எண்ணிக் குடுத்தேன். வேற யாருகிட்டயும் இது இல்ல."

முதலாளி கயிற்றைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "கொண்டுபோ. அந்தப் பொம்பளைங்ககிட்ட குடு. ஆனா பேரை நீ சொல்லாத. அவங்க பாத்து அவங்க சொல்லட்டும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைக்கோடு தெரிகிறது, இவர் என்ன சந்தேகப்படுகிறார் என்று. சைக்கிளை எடுத்தேன். டியூப் கிடையாது, ரப்பர் குழாயை வெட்டி டயராகச் சுற்றிய சைக்கிள். ரெம்பாவ் வரை மிதித்தால் தொடை கழன்றுவிடும். வழி நெடுக, எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்றே யோசித்தேன். அஞ்சலையிடம் சொல்லலாம், அவள் பக்குவமாகச் சொல்லுவாள் என்று முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். அதன்படி நடந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கதையே இருக்காது.

லயத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாய். அங்கே ஒருத்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். "என்னா பாய், இன்னிக்கு உங்க நாளு இல்லையே? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். அஞ்சலை எங்கே என்று மட்டும் கேட்டிருக்கலாம். நான், "செல்லம்மா வீட்டுக்குச் சயாமிலிருந்து சேதி வந்திருக்கு. நல்ல சேதி இல்ல" என்றேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் பிள்ளைகளா. துக்கச் செய்தி கொண்டுபோகிறவனுக்கும் ஒரு பெருமை உண்டு. எனக்கு மட்டும்தான் தெரியும் என்கிற பெருமை. அது நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பெண் அலசின துணியை அப்படியே போட்டுவிட்டு லயத்தைப் பார்த்து ஓடினாள்.

அஞ்சலை லயத்துக்குப் பின்னால் கிழங்குக் கொல்லையில் இருந்தாள். கொல்லை கொஞ்சம் தள்ளி, சரிவில். நான் போய்ச் சேர்வதற்குள்ளேயே பின்னால் ஒப்பாரி கேட்க ஆரம்பித்துவிட்டது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"யாரு வீட்ல பாய்?"

"செல்லம்மா வீட்லக்கா. கோவிந்தன் போயிட்டான். காப்பு வந்திருக்கு."

"செல்லம்மாவா?" என்றாள். ஒரு நொடி கண்ணை மூடினாள். "பாவி மக, நாலு மாசம்கூட வாழலியே." பிறகு கையை நீட்டினாள். "காட்டு."

கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். நீல மணியைப் பார்த்ததும் அவள் கண் அங்கேயே நின்றது. உடனே கயிற்றைத் திருப்பினாள். மணியைப் பார்க்கவில்லை. முடிச்சைத் தேடினாள். விரல் நகத்தால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு சுற்று. அதிலிருந்து திரும்பிப் போன நூல், மூன்று மணிக்குள் மறைந்திருந்தது. அவள் எனக்குக் காட்டவே இல்லை. நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். அந்த முடிச்சுக்காக எத்தனை வாரம் அவளோடு வம்பு வளர்த்திருக்கிறேன்! கடையில் அரைமணி நேரம் கையில் வைத்திருந்தேனே, ஒருதரம் திருப்பிப் பார்க்கவில்லை. பத்துக் கொடுத்தேனே, இதில் இரண்டுதானே இருக்கிறது என்றும் யோசிக்கவில்லை.

"அக்கா…" என்றேன்.

"நீ குடுத்துட்டுப் போனப்பறம் அவகிட்ட நூல் இல்ல" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் நூல் குடுத்தேன். அவ ரெண்டு நீலம் குடுத்தா, அண்ணனுக்கும் வச்சிக் கட்டுங்கக்கான்னு. மாத்திக்கிட்டோம். நீதான பாய் எங்களுக்கு மாத்திக்கப் பழக்கிவிட்ட?"

அண்ணன் என்றது அவள் புருஷன் அங்கமுத்துவை. அமைதியான மனுஷன். மரத்தடிக்கு வந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுப் போவான். அஞ்சலைக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது.

அவள் கயிற்றை உள்ளங்கையில் வைத்து மூடினாள். அந்த நேரத்தில் லயத்துப் பக்கம் ஒப்பாரி இன்னும் ஓங்கியது. அவள் தலையைத் தூக்கி, "ஏன் இப்பவே இவ்வளவு சத்தம்? யாருகிட்ட சொன்ன நீ?" என்றாள்.

சொன்னேன்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவள் பின்னால் நானும் ஓடினேன். செல்லம்மா வீட்டு வாசலில் கூட்டம். கங்காணி வீட்டம்மா நடுவில் நின்று, "உடம்பு சயாமுல கெடக்கு. பதினாறு நாளு எதுக்குப் பாத்துக்கிட்டு இருக்கணும்? இன்னிக்கே முடிச்சிடுவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பலகை போட்டாகிவிட்டது. குடத்தில் தண்ணீர் வந்தாகிவிட்டது. செல்லம்மாவை உட்காரவைத்துத் தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கைய எடுங்கடி!" என்றாள் அஞ்சலை.

ஒப்பாரி நின்றது.

"அவ ஆளு இல்ல. என் வீட்டு ஆளு." கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "என் நூலு, என் முடிச்சு. சந்தேகம் இருந்தா வந்து பாத்துக்கிடுங்க."

யாரும் வந்து பார்க்கவில்லை. அஞ்சலை முடிச்சு அந்தத் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும், பார்க்கத்தான் தோன்றவில்லை. செல்லம்மாதான் முதலில் கத்தினாள். "அக்கா!" என்று ஒரே சத்தம். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு.

அஞ்சலை அவள் தோளைத் தொட்டு, "எந்திரிடி. பூவ எடுக்காத, அது உனக்கு இருக்கட்டும். பலகைய விடு" என்றாள். செல்லம்மா எழுந்தாள். அஞ்சலை புடவையைச் சரிசெய்துகொண்டு, அதே பலகையில் உட்கார்ந்தாள். கங்காணி வீட்டம்மாவை நிமிர்ந்து பார்த்து, "எல்லாம் தயாராத்தான இருக்கு. முடிங்க" என்றாள்.

நான் வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். வேறென்ன செய்ய?

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "அடுத்த வாரம் உன் நாளுக்குப் போவியா?" என்றார்.

"எந்த முகத்தோட முதலாளி போறது?"

"இதே முகத்தோடதான். வேற முகம் வச்சிருக்கியா?"

இந்த வேலையில் இதைவிடக் கஷ்டமான ஒன்றை நான் செய்ததில்லை. தப்புச் செய்த இடத்துக்கு, அடுத்த வாரம், அதே நேரத்துக்குப் போய்ச் சாக்கை விரிக்கிறது. பெண்கள் வந்தார்கள், பேசவில்லை. கொட்டினார்கள், மாற்றினார்கள். கடைசியில் அஞ்சலை வந்தாள். வெறுங்கழுத்து, வெறுங்கை. அவள் எப்போதும் உட்காருகிற வேர்மேல் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். நூல் கோக்க வரவில்லை. மூன்று தரம் முயன்றாள். செல்லம்மா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"ஏன் பாய் வந்த?" என்றாள் என்னைப் பார்க்காமல்.

"முதலாளி போகச் சொன்னாருக்கா."

"அவரு சொல்லலன்னா?"

"வந்திருக்க மாட்டேன்."

"ம். பொய் சொல்லல." நாலு மணி கோத்தாள். "உன் மேல கோவம் இல்லன்னு நெனச்சிக்காத. நான் வர்றதுக்குள்ள அவ தாலிய அறுத்திருந்தாங்கன்னா, இந்தப் பெட்டிய உன் தலையிலயே கவுத்திருப்பேன்."

"கவுத்திருக்கலாம்கா."

"இன்னும் கயிறு வரும். போனவங்க அத்தனை பேரும் நடந்து வரப்போறதில்ல. வந்தா நீ பேரு சொல்லாத. இங்க கொண்டா."

அன்றைக்கு என் சாக்கில் ஒரு துண்டு கிழித்தாள். தன் நூலால் அதில் ஒரு முடிச்சுப் போட்டாள். செல்லம்மாவைப் போடச் சொன்னாள். மரத்தடியில் இருந்த ஒவ்வொருத்தியையும் போடச் சொன்னாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் என்னைப் பெயர் எழுதச் சொன்னாள். அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது, ஆனால் ஒருத்தி முடிச்சு மாதிரி இன்னொருத்தி முடிச்சு இல்லை. ஒருத்தி இடப்பக்கம் சுற்றுவாள், ஒருத்தி நுனியைத் தீயில் பொசுக்குவாள், ஒருத்தி மூன்று முடிச்சு அடுக்குவாள். பத்து வருஷம் அவர்களுக்கு மணி விற்றவன் மாதிரி மார் தட்டிக்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் அவர்கள் கையைப் பார்த்தேன். பிறகு மற்றத் தோட்டங்களிலும் இதே மாதிரி வாங்கி வந்தேன். உள்ளறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிற பழைய சாக்குத் துண்டு அதுதான். போன வருஷம் வெள்ளையடிக்கும்போது குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்களே, அது.

அஞ்சலை சொன்னபடியே இன்னும் கயிறுகள் வந்தன. நான் ஒன்றுக்கும் பெயர் சொல்லவில்லை. மரத்தடிக்குக் கொண்டுபோய்ச் சாக்கின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். அவர்கள் பார்த்து அவர்கள் சொல்லுவார்கள். ஒருதரம்கூடத் தப்பாகப் போகவில்லை. பழுதுக்கு வருகிற ஒவ்வொரு மாலைக்கும் சீட்டில் "கட்டியவர் யார்" என்று எழுதச் சொல்கிறேன், நீங்கள் முணுமுணுக்கிறீர்கள். இதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன். வாங்கியவர் பெயர் எனக்கு வேண்டாம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. கேட்க நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஜப்பான்காரன் போனபிறகு ஒரு லாரி வந்தது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அதில் கோவிந்தன் இருந்தான். பாதி ஆளாக இருந்தான், ஆனால் இருந்தான். கையில் காப்பு இருந்தது. மறுநாள் மாரியம்மன் கோயிலில் காப்பு அவிழ்ப்பு. எனக்கும் சொல்லியனுப்பினார்கள். பெட்டியோடு போய்க் கோயிலுக்கு வெளியே நின்றேன். அஞ்சலையும் வெளியேதான், எல்லாருக்கும் பின்னால், வேப்பமரத்து ஓரம் நின்றாள்.

கங்காணி வீட்டம்மா வந்து, தானே அவிழ்க்கிறேன் என்று கை நீட்டினார். செல்லம்மா புருஷன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சலக்கா அவுக்கட்டும்."

கூட்டத்தில் சலசலப்பு. "நல்ல காரியத்துக்கு அவ கையா?" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது. அஞ்சலைக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

"வேணாம்டி" என்றாள் அங்கிருந்தே. "சுமங்கலி கையால செய்யி. என் கை ஆகாது."

"என்னைப் பலகையிலேர்ந்து எந்திரிக்க வச்ச கை அது. அந்தக் கை அவுக்கலன்னா இது இவரு கையிலயே கெடக்கட்டும். செத்தாலும் கழட்ட மாட்டோம்" என்றாள் செல்லம்மா. அவளுக்கு அவ்வளவு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோவிந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வேப்பமரத்துக்கு நடந்து போய், அஞ்சலை முன்னால் கையை நீட்டினான். நீட்டிய கையை அவன் இறக்கவில்லை.

அஞ்சலை ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு முடிச்சில் நகத்தை வைத்தாள். வியர்வையிலும் மண்ணிலும் இறுகிக் கல்லாகிப்போயிருந்தது அது. கண்ணும் சரியாகத் தெரியாது அவளுக்கு, அன்றைக்குத் தண்ணீர் வேறு. என் பெட்டியில் கத்தரி இருந்தது. அவள் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. செல்லம்மா பக்கத்தில் நின்று கோவிந்தனின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது. முணுமுணுத்தவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். கடைசியில் நூல் இளகியது.

கயிற்றை முழுதாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அஞ்சலை என்னைக் கூப்பிட்டாள். போனேன். எட்டு நீலம், வெள்ளைக்கோட்டோடு. நான் அதைத்தான் பார்த்தேன், பழக்கதோஷம். அவள் என் கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவிழ்ந்த நுனியை விரலால் எடுத்துக் காட்டினாள். முடிச்சு இருந்த வளைவு நூலில் அப்படியே இருந்தது.

"மணிய அப்பறம் எண்ணு பாய். இதப் பாத்து வச்சிக்க. இதான் செல்லம்மா முடிச்சு" என்றாள்.

நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன்.